ஒரு பென் டிரைவும் ஒரு பழைய குறுந்தகடும்

கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது எனக்குப் புதிதல்ல. இதுவரை பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகளுக்கே போயிருக்கிறேன். வேலை கிடைக்க இது உதவுமா என்பதே அங்கே முதல் கேள்வியாக இருக்கும். இந்த முறை அழைத்தவர்கள் கலைக் கல்லூரிகளில் பொருளியலும் வரலாறும் தமிழும் படிப்பவர்கள். வாரந்தோறும் கூடி மார்க்சையும் பெரியாரையும் அம்பேத்கரையும் வாசிப்பவர்கள். சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர் ஆகிய மூன்று ஊர் வாசிப்பு வட்டங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தன. அன்றன்று இரவு எழுதி வைத்ததை நாள்வாரியாகத் தருகிறேன்.

19 செப்டம்பர் 2024, வியாழன் – சிதம்பரம்

காலை பதினொன்றரைக்குச் சிதம்பரத்தில் இறங்கினேன். புரட்டாசி பிறந்து மூன்று நாள் ஆகியும் வெயில் சித்திரையைப் போலவே அடித்தது. கீழவீதிக்கு அருகே ஒரு சிறிய உணவகத்தில் நான்கு இட்லி, கத்தரிக்காய்க் கொத்சு, காபி எல்லாம் சேர்த்து 75 ரூபாய். நல்லெண்ணெய் மேலே மிதக்க, வறுத்து அரைத்த மல்லியின் மணத்தோடு வந்த கொத்சுவை, பரிமாறியவர் என் இலையைப் பார்த்துக்கொண்டே நின்று மூன்று முறை ஊற்றினார். போதும் என்று நான் கையை நீட்டி மறைத்ததும், வெளியூரா என்று கேட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது தூக்கு கொண்டுவந்தால் தனியாகத் தருவதாகச் சொன்னார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிட வந்தவர் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கூட்டம் ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது. சுவரில் இரண்டு நாளுக்கு முன் கொண்டாடிய பெரியார் பிறந்தநாளின் சுவரொட்டியும், அதற்குப் பக்கத்தில் 12ஆம் தேதி மறைந்த சீதாராம் யெச்சூரிக்கு அஞ்சலி செலுத்தும் சுவரொட்டியும் இருந்தன. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். பாதிப் பேர் என்னைத் தோழர் என்றும் மீதிப் பேர் அக்கா என்றும் அழைத்தார்கள்.

வழக்கம்போல அச்சுப்பொறிக் கதையில் தொடங்கினேன். 1980 வாக்கில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஒரு லேசர் அச்சுப்பொறி வந்தது. காகிதம் சிக்கினால் உரியவருக்குத் தகவல் அனுப்பும்படி பழைய பொறியின் நிரலைத் திருத்தியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதிய பொறிக்கும் அதையே செய்ய விரும்பினார். அதன் மூலநிரலை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரோ, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். 1983 செப்டம்பர் 27 அன்று, கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்ததன் பின்னணியில் அந்த மறுப்பும் இருந்தது. பயன்படுத்த, படித்துத் திருத்த, பிறருக்குப் படி கொடுக்க, திருத்தியதை வெளியிட என்று நான்கு சுதந்திரங்களையும் சொல்லி முடிப்பதற்குள், பின்வரிசையிலிருந்து ஒருவர் இது பொதுவுடைமைதானே என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பொறியியல் மாணவர்களுக்கு அரை நாள் பிடிக்கும் விஷயம் இவர்களுக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. உற்பத்திக் கருவி யாருடையது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, மென்பொருளை வாடகைக்கு எடுப்பதற்கும் சொந்தமாக வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. சொல்லைப் பற்றியும் நல்ல விவாதம் நடந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே நாற்பது ஆண்டுகளாக விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இங்கே ‘இலவசம்’ என்ற சொல்லுக்கே ஓர் அரசியல் வரலாறு உண்டு. அரசு கொடுத்த மடிக்கணினிக்குக்கூட ‘விலையில்லா’ என்ற அடைமொழிதான் அதிகாரபூர்வமானது. கட்டற்றது என்றால் கட்டுப்பாடே இல்லாதது என்று தொனிக்கிறதே, ‘சுதந்திர மென்பொருள்’ என்றே சொல்லலாமே என்று தமிழ் இலக்கிய மாணவர் ஒருவர் கேட்டார். இரண்டும் வழக்கில் இருக்கின்றன. விதிகளே இல்லாத மென்பொருள் அல்ல இது, உரிமம் என்னும் விதியால் காக்கப்படும் மென்பொருள் என்பதை இரண்டில் எந்தச் சொல் நன்றாகக் காட்டுகிறது என்பதில் எனக்கே இன்னும் தெளிவு இல்லை.

பொருளியல் படிக்கும் ஒரு பெண் கேட்டதுதான் இன்றைய சிறந்த கேள்வி. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களின் சர்வர்களெல்லாம் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன என்றால், தன்னார்வலர்களின் உழைப்பை அந்த நிறுவனங்கள் கூலி கொடுக்காமல் எடுத்துக்கொள்கின்றன என்றுதானே பொருள் என்றார். நான் அதை மறுக்கவில்லை. திருத்திய நிரலைத் தம் சர்வரிலேயே ஓட்டிக்கொண்டு யாருக்கும் காட்டாமல் இருக்க, கட்டற்ற மென்பொருள்களுக்கான குனூ பொது உரிமம் இடம் கொடுத்ததையும், அந்த ஓட்டையை அடைக்கவே 2007இல் அஃபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்ததையும் சொன்னேன். உழைப்புக்குரிய கூலியின் கேள்விக்கு உரிமத்தால் மட்டும் விடை சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனால் இரண்டரை மணி நேரத்தில் ஒருவர்கூடத் தம் மடிக்கணினியைத் திறக்கவில்லை. அஞ்சலிச் சுவரொட்டியை எதில் வடிவமைத்தீர்கள் என்று கேட்டேன். பூட்டு உடைத்த ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு, திருட்டுப் பதிப்பும் ஒரு வகை எதிர்ப்புதானே என்றார் ஒருவர். படிக்கும் வயதில் அந்தக் கருவியிலேயே கை பழகியவர்கள் நாளை வேலைக்குப் போகும் இடத்திலும் அதையே கேட்பார்கள், அப்போது உரிமக் கட்டணத்தை அந்த அலுவலகம் கட்டும், ஆகவே திருட்டுப் பதிப்பு பரவுவதால் அந்த நிறுவனத்துக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை என்றேன். அதையும் ஒப்புக்கொண்டார்கள். சொல்வதையெல்லாம் உடனே ஒப்புக்கொள்ளும் ஒரு கூட்டம் இவ்வளவு கவலை தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரவு பத்து மணிக்கு இடியுடன் மழை பிடித்துக்கொண்டது.

20 செப்டம்பர் 2024, வெள்ளி – மயிலாடுதுறை

இன்று பேச்சு வேண்டாம், நேராக நிறுவலுக்குப் போய்விடலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் நூலக அறையில் பதினொரு மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் அரசின் மடிக்கணினி கிடைக்காத ஆண்டுகளில் பள்ளியை முடித்தவர்கள். ஆகவே அவற்றில் ஏழு, அக்காவுக்கோ அண்ணனுக்கோ பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்தவை: கீல் உடைந்தவை, பேட்டரி செத்தவை, சார்ஜரைச் செருகினால் மட்டுமே உயிர் வருபவை. 2011இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது விண்டோசுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த இரண்டாவது பெயர் தொடக்கத் திரையில் தெரிவதைத் தம் அக்கா பல ஆண்டுகள் பார்த்ததாகவும், அது என்னவென்று வகுப்பில் யாரும் சொல்லித் தராததால் தொட்டால் கெட்டுவிடும் என்று பயந்து ஒதுக்கியதாகவும் ஒரு மாணவி சொன்னார். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்த ஒரு கட்டற்ற இயங்குதளம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி சேர்ந்து போகாததால் திரையில் ஒரு வரியாக நின்றுவிட்டது. கேரளத்தில் பள்ளிகளெங்கும் கட்டற்ற மென்பொருள் வேரூன்றியதற்கு அரசின் முடிவோடு, ஆசிரியர் அமைப்புகள் அதைத் தம் கோரிக்கையாகவே எடுத்துக்கொண்டதும் காரணம் என்பதை அப்போது சொன்னேன். நேற்றைய கைதட்டலை விட இன்றைய மௌனத்தில் அதிகக் கவனம் இருந்தது.

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை, நினைவகம் குறைவாக உள்ள கணினிகளுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பணிச்சூழலோடு நிறுவினோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு அடுத்த ஆண்டு அக்டோபர் 14 அன்று முடிகிறது. இந்தப் பதினொன்றில் ஒன்றுகூடப் பதினொன்றாம் பதிப்பை ஏற்கும் தகுதி உடையதல்ல. நல்ல நிலையில் இருக்கும் விசைப்பலகையையும் திரையையும் குப்பையில் போடச் சொல்லும் ஒரு தேதியை எங்கோ இருப்பவர்கள் குறித்துவிடுகிறார்கள் என்பது, என் உரை முழுவதையும் விட இவர்களுக்கு நெருக்கமான செய்தியாக இருந்தது. தமிழ்99 விசைப்பலகையை இயக்கிக் காட்டியதும், இதுவரை செல்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டியே தமிழ் எழுதியவர்கள் போட்டி போட்டுக்கொண்டு பழகினார்கள்.

மதியச் சாப்பாடு அருகிலிருந்த மெஸ்ஸில், 90 ரூபாய். வாழைப்பூக் கூட்டும் வத்தல் குழம்பும் இருந்தன. கை கழுவும் இடத்தில் ஒரு முதியவர், என் துப்பட்டா ஈரத்தில் படாமல் இருக்கட்டும் என்று வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

மூன்று மணிக்கு நான் ஒரு தவறு செய்தேன். ஒரு மாணவரின் கணினி வன்வட்டில் இரண்டு பிரிவுகள் ஒரே அளவில் இருந்தன. படங்கள் இருந்த பிரிவைக் காலியானது என்று நினைத்து, அவரிடம் மறுபடி கேட்காமலேயே அழித்து வடிவமைத்துவிட்டேன். அவருடைய தமக்கையின் திருமணப் படங்கள் அதில் இருந்தன. வேறு எங்கும் படி இல்லை. அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பரவாயில்லை தோழர் என்று சொல்லிவிட்டுச் சன்னலருகே போய் நின்றுகொண்டார். நிறுவலுக்கு முன் எல்லாவற்றையும் வெளி வட்டில் படி எடுக்க வேண்டும் என்பதை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று நேரம் போய்விடுமோ என்ற அவசரத்தில் அதைத் தவறவிட்டேன். மற்றவருடைய பொருளில் கை வைக்கும் வேலை இது என்பதை மறக்கக் கூடாது.

இரவு தங்கிய மாணவியின் வீட்டில், அந்தக் கணினியைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மீட்புக் கருவியை ஓடவிட்டு, மீண்டதை என் வெளி வட்டில் சேமித்தேன். பேட்டரி இல்லாத கணினி என்பதால் மின்சாரம் இரண்டு முறை நின்றபோது இரண்டு முறையும் கணினி அணைந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அந்தக் கருவியில் இருந்ததால் தப்பித்தேன். வீட்டு அம்மா தூங்காமல் இருந்து ஒரு மணிக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் திரும்பி வந்திருந்தன. கோப்புகளின் பெயர்கள் திரும்பவில்லை. எல்லாம் வெறும் எண்களாக இருந்தன. மணமேடை, சீர்வரிசை, பந்தி என்று கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

21 செப்டம்பர் 2024, சனி – திருவாரூர்

செப்டம்பரின் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2004இல் தொடங்கிய வழக்கம். இங்கே அது புரட்டாசியின் முதல் சனிக்கிழமையும்கூட. நாமம் இட்ட செம்பை ஏந்திய சிறுவர்கள் வீடு வீடாகக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிக்கொண்டிருந்த தெருவைக் கடந்துதான் பேருந்து நிலையம் போனேன். மாணவரிடம் வட்டைக் கொடுத்துவிட்டேன். படங்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

பேரளத்தைத் தாண்டியதும் பேருந்தின் பின்சக்கரம் பஞ்சரானது. மாற்றுச் சக்கரமும் பழுது. இன்னொரு வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம். நடத்துநர் ஒவ்வொருவரிடமும் போய், அவசரமாகப் போக வேண்டியவர்கள் யார் என்று கேட்டு, மருத்துவமனைக்குப் போகும் ஒரு தாயையும் பிள்ளையையும் அந்த வழியாக வந்த காரில் ஏற்றிவிட்டார். தேநீர் 12 ரூபாய். கூடையில் கொய்யா விற்ற பெண் நான்கு காய்களை 20 ரூபாய்க்குக் கொடுத்து, உப்பு மிளகாய்த்தூள் பொட்டலத்தையும் தானாகவே எடுத்து வைத்தார். இருபுறமும் சில வயல்களில் அறுவடை முடிந்திருந்தது. சிலவற்றில் இப்போதுதான் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது.

இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். யாரும் கலைந்து போகவில்லை. அங்கே மாணவர்களோடு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே வட்டத்தின் மாணவர். இப்போது கடைத்தெருவில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்து, எதிலாவது இதைத் திறக்க முடியுமா பாருங்கள் என்றார்.

2001 முதல் 2004 வரை அவரும் நண்பர்களும் நடத்திய மாணவர் சிற்றிதழின் பன்னிரண்டு இதழ்கள் அதில் இருந்தன. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. பிறகு அது கைவிடப்பட்டது. அதில் பயன்படுத்திய தமிழ் எழுத்துருத் தொகுப்போ, கணினியின் பின்னால் ஹார்டுவேர் லாக் என்ற சிறிய பூட்டுக் கருவியைச் செருகியிருந்தால்தான் இயங்கும். அந்தப் பூட்டு பொருந்தும் துளையுள்ள கணினி 2011இல் பழுதானதோடு, தாமே எழுதிய எழுத்தைத் தாமே படிக்க முடியாதவராக அவர் ஆகிவிட்டார். அச்சிட்ட படிகளில் மூன்று இதழ்கள் மட்டுமே அவரிடம் மிஞ்சியிருக்கின்றன.

அன்றைக்கு நான் பேச வைத்திருந்த எதையும் பேசவில்லை. கீறல் விழுந்த தகட்டிலிருந்து குனூ டிடிரெஸ்க்யூ கருவியால் படித்ததில் ஒன்பது இதழ்கள் முழுமையாக வந்தன. கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரெஆஃபிஸ், 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். வடிவம் தெரியாத பழைய கோப்புகளை ஆராய்ந்து, அவற்றைப் படிக்கும் நிரல்களை எழுதுவதையே பணியாகக் கொண்ட தன்னார்வலர்களின் கொடை அது. ஒரு மாணவி தம் கணினியில் கோப்பை இரண்டு முறை அழுத்தியதும் பக்கம் திறந்தது. பத்திகளும் கட்டங்களும் இடத்தில் இருந்தன; எழுத்துகள் மட்டும் ஆங்கிலமும் குறியீடுகளும் கலந்த குழப்பமாக இருந்தன. அறை முழுவதும் பெருமூச்சு.

எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாகச் சேமிக்கும் பொதுவான குறிமுறை நிலைபெறாத காலத்தில் தமிழ் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாகக் கணினிக்குள் அடைக்கப்பட்டது. தமிழக அரசு 1999இல் டாப், டாம் குறிமுறைகளை ஏற்றது. 2010இல்தான் உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு வந்தது. தன்னார்வலர்கள் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதி வெளியிட்ட ஒரு மாற்றி நிரல் என்னிடம் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பழைய குறிமுறைகளை அது யூனிகோடாக மாற்றும். அந்தப் பட்டியலில் பாமினி, வானவில் ஆகியவற்றோடு தினத்தந்தி, தினமணி, முரசொலி, நக்கீரன் என்ற பெயர்களைக் கண்ட மாணவர்கள் வியந்தார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு தனித் தமிழ் இருந்ததா என்று ஒருவர் கேட்டார். கணினியைப் பொறுத்தவரை அப்படித்தான் இருந்தது. பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வரும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். மூன்று குறிமுறைகளில் முயன்று, நான்காவதில் தமிழ் வந்தது.

முதலில் வாசிக்க முடிந்தது 2002ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படாததால் குறுவை இல்லாமல் போனதையும், வேலையற்ற விவசாயக் கூலிகள் திருப்பூருக்குப் புறப்பட்டதையும், ஊர் ஊராகப் பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்த மாணவி உரக்கப் படித்தார். இடையே வந்த ஓர் ஊரின் பெயரைக் கேட்டதும், அது எங்கள் ஊர் என்றார் பக்கத்தில் இருந்தவர். இந்த ஆண்டும் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள் என்பதை அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிடிபி கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இது நான் எழுதியதில்லை, இறந்துபோன என் நண்பன் எழுதியது என்றார்.

மாலைக்குள் அங்கிருந்த எட்டுக் கணினிகளிலும் டெபியன் ஏறிவிட்டது. அதற்காக யாரும் வாதிடவில்லை. இந்த முறை ஒவ்வொன்றையும் படி எடுத்த பிறகே தொட்டேன்.

22 செப்டம்பர் 2024, ஞாயிறு – குடவாசல் அருகே ஒரு கிராமம்

நேற்று உரக்கப் படித்த மாணவியின் வீட்டில் மதிய உணவு. முருங்கைக்கீரைப் பொரியலும் மாங்காய் போட்ட சாம்பாரும் தயிரும். வாம்மா, உட்காரு என்று கையைப் பிடித்து உட்கார வைத்த அவருடைய அம்மா, ஊருக்கே கணக்கு எழுதிக் கொடுக்கும் என் மகளுக்கு இந்தக் கணினியில் கணக்கு போடத் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். லிப்ரெஆஃபிஸ் கால்க்கில், கூலியும் வரவும் பதியும் ஒரு தாளை இருவரும் சேர்ந்து அமைத்தோம்.

பிறகு திண்ணையில் ஆறு பேரோடு நடந்த பேச்சு, நான்கு நாளில் நடந்தவற்றிலேயே சூடானது. இவர்கள் கையெழுத்து இயக்கங்களுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் பெயர், ஊர், சாதி, செல்பேசி எண் எல்லாம் திரட்டுகிறார்கள். அந்தப் பட்டியல் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். வாட்சாப்பை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்றார் ஒருவர். மக்கள் இருக்கும் இடத்தை விட்டு நாம் போய்விட்டால் யாரோடு பேசுவது என்றார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம் நின்றேன். அறிவிப்புகள் மக்கள் இருக்கும் இடத்திலேயே போகட்டும். நம்மை நம்பித் தந்த பெயர்களை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்வோம், தேவையற்ற விவரத்தைக் கேட்காமலே இருப்போம். நாளைக் காலையிலிருந்து எல்லாம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று தொடங்கிய பல நண்பர்கள் மூன்று மாதத்தில் சோர்ந்து பழையபடி ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

மென்பொருள் அரசியலில் மாணவர்கள் என்னதான் சாதிக்க முடியும் என்று கேட்டவருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னேன். 2004 டிசம்பரில் வந்த காப்புரிமை அவசரச் சட்டம் மென்பொருள் காப்புரிமைக்குக் கதவு திறந்தது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சட்டமானபோது, இடதுசாரிகள் வற்புறுத்தியதன் பேரில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறுபட்ட இணையக் கட்டணம் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டதற்குப் பின்னால் லட்சக்கணக்கானோர் அனுப்பிய மின்னஞ்சல்கள் இருந்தன. அப்போது இவர்கள் ஐந்தாம் ஆறாம் வகுப்பில் இருந்திருப்பார்கள். முதல் நிகழ்ச்சியின்போது பிறந்தே ஓராண்டு இருக்கலாம்.

நான்கு மணிக்கு வானம் கறுத்தது. ஆழ்குழாய்த் தண்ணீரில் விளைந்த குறுவை நெல் சாலையின் ஒரு பாதியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு குரல் கேட்டதும் திண்ணையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினோம். நெல்லைக் குவித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, நான்கு முனையிலும் கல் வைப்பதற்குள் முழுக்க நனைந்துவிட்டோம். அந்த நெல் யாருடையது என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஓரத்தில் நனைந்த இரண்டு மூட்டை அளவு நெல்லை அந்த வீட்டுப் பெரியவர் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

23 செப்டம்பர் 2024, திங்கள் – கும்பகோணம், திரும்பும் வழி

உடம்பெல்லாம் வலி, லேசான காய்ச்சலும் இருந்தது. கும்பகோணத்தில் இட்லி கடப்பாவோடு டிகிரி காபி, எல்லாம் 80 ரூபாய். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு மணமுமாகச் சூடாக இருந்த கடப்பா தொண்டைக்கு இதமாக இருந்தது. தும்மியதைப் பார்த்த பரிமாறுபவர் கேட்காமலேயே வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

வண்டி ஏறியதும் திருவாரூர்க் குழுவிடமிருந்து செய்தி வந்தது. ஒன்பது இதழ்களையும் ஆளுக்குப் பதினாறு பக்கமாகப் பிரித்துக்கொண்டு மெய்ப்புப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முடிந்ததும் யாரும் படி எடுத்துப் பகிரும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட, டிடிபி கடைக்காரரும் இறந்த நண்பரின் குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சந்தேகமும் இருந்தது. கட்டுரை முழுவதும் மேட்டூர் என்பது ‘மேட்டுர்’ என்றே வந்திருக்கிறது. இது அன்று எழுதியவரின் பிழையா, இல்லை மாற்றியின் பிழையா?

மூலத்தில் அப்படி இருந்திருந்தால் கைவைக்க வேண்டாம், அச்சுப் படியில் பாருங்கள் என்று பதில் எழுதினேன். மயிலாடுதுறையில் வண்டி நின்றபோது வெள்ளிக்கிழமை படங்களை இழந்த மாணவர் நிலையத்துக்கு வந்து என் வெளி வட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கா கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலம் அதிரசத்தையும் தந்தார். படங்களில் பாதியைப் பிரித்துப் பெயரிட்டுவிட்டார்களாம்.

கொள்ளிடத்துப் பாலத்தில் போகும்போது பதில் வந்தது. அச்சில் மேட்டூர் சரியாகவே இருக்கிறது. டூ வரும் இடமெல்லாம் டு ஆகியிருக்கிறது. ஆகவே மாற்றுப் பட்டியலில்தான் ஒரு வரி தவறு என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது, திருத்திய பிறகு யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பொருளியல் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். கோப்பின் பெயரை எழுதி அனுப்பினேன்.